லாட்ஜுக்கு வந்த சிறுமி: சந்தேகம் மட்டும் இருந்தால் யாரிடம் சொல்வது?

கேள்வி, 9 ஜூன் 2025, இரவு 11.40

கோயில் நகரம் ஒன்றில், ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இரவு வேலை பார்க்கிறேன். மூன்று நாள்களுக்கு முன் நள்ளிரவை ஒட்டி, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு வந்து அறை கேட்டார். அக்காள் மகள் என்றும், காலையில் முடி காணிக்கை செலுத்தும் வேண்டுதல் இருப்பதாகவும் சொன்னார். தன்னுடைய ஆதார் அட்டையைக் கையில் கொடுத்தார். சிறுமியுடையது அவருடைய செல்பேசியில் படமாக இருந்தது. அதில் இருந்த பிறந்த தேதிப்படி அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, பார்வைக்குப் பதினான்கைத் தாண்டாது. எந்த ஊர் என்று அவளிடம் கேட்டேன். அவள் அவரைப் பார்த்தாள், அவர் பதில் சொன்னார். இருவரிடமும் பை எதுவும் இல்லை. அறை கொடுத்துவிட்டேன். அதன் பிறகு சிறிது நேர இடைவெளியில் இரண்டு ஆண்கள் தனித்தனியாக வந்து அந்த அறைக்குப் போய்த் திரும்பினார்கள். விடியும் முன்பே அறையைக் காலி செய்து, வந்த காரிலேயே ஏறிப் போய்விட்டார்கள். கோயில் பக்கம் போகவே இல்லை. முதலாளியிடம் சொன்னேன். "நமக்கேன் வம்பு, நிச்சயமாகத் தெரியாமல் ஒருவர் மேல் பழி போடக் கூடாது" என்கிறார். அவர் சொல்வது சரியா? ஆட்களே போன பிறகு இனிமேல் சொல்லி என்ன பயன்?

10 ஜூன், காலை 6.10

தம்பி, இதைப் படித்ததும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. அதோடு உடனே செய்ய வேண்டியது ஒன்றுண்டு: அந்த இரவின் சிசிடிவி பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சில நாள்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. கார் எண், வந்துபோன இருவரின் அடையாளம், அவர்கள் வந்த நேரம் எல்லாவற்றையும் நினைவில் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்.

10 ஜூன், இரவு 9.00

காலையில் அவசரத்தில் எழுதினேன். இப்போது முதலாளி சொன்னதற்கு வருகிறேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பின் ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவில் (மீட்கப்பட்ட குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கும் குழு அது) ஒரு பதவிக்காலம் உறுப்பினராக இருந்தேன். அங்கே எங்கள் முன் வந்த கோப்புகளில் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: குழந்தையை யாரோ ஒருவர் முன்பே பார்த்திருப்பார், ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும், நிச்சயம் இல்லையே என்று பேசாமல் இருந்திருப்பார். பேருந்து நடத்துநர், வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், எதிர் வீட்டுப் பெண் என்று அந்த வரிசை நீளும்.

சட்டம் நிச்சயத்தைக் கேட்கவே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவில், குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் மட்டுமல்லாமல், நடக்கக்கூடும் என்ற அச்சம் உள்ளவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவு, நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ வராது என்று பாதுகாப்புத் தருகிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டுதான். ஆனால் அது ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ வேண்டுமென்றே புனைந்து சொன்னவருக்கு உரியது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவருக்கு அல்ல. பார்த்ததைச் சொல்வது உங்கள் வேலை, அது குற்றமா என்று கண்டுபிடிப்பது காவல் துறையின் வேலை. நீங்கள் கொடுப்பது தகவல், பழி அல்ல.

நாளை நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்குமா என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். வழக்குப் பதிவானால் பதிவேட்டையும் கேமரா பதிவையும் உறுதிப்படுத்தச் சாட்சியாக அழைக்கப்படலாம். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல விரும்பவில்லை.

11 ஜூன், பிற்பகல் 3.25

எதைப் பார்த்து அடையாளம் காண்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்ட தம்பியே பாதியைச் சொல்லிவிட்டார். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குப் பெரியவர் பதில் சொல்வது, பிள்ளையின் அடையாள அட்டையும் செல்பேசியும் வேறொருவர் கையில் இருப்பது, சொன்ன காரணத்துக்கும் நடப்புக்கும் பொருத்தமில்லாதது, ஒரே இரவில் அந்த அறைக்கு வேறு வேறு ஆண்கள் வந்துபோவது. தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதையும், துப்புரவுப் பணியாளரை அறைக்குள் விடாததையும், கேட்காமலே ரொக்கமாக முன்பணம் கட்டுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். நான்கைந்து ஒன்றுசேரும்போது தொலைபேசியை எடுத்துவிட வேண்டும்.

குழுவில் எங்கள் முன் வந்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுத மாட்டேன். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "உன் பேர் என்னம்மா" என்று கேட்டேன். "எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு" என்றாள். மறுபடியும் பெயரைக் கேட்டேன். பிறந்த தேதி, மாதம், வருடம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பெயர் வெளியே வர நெடுநேரம் ஆனது. அதுவும் அவளுக்கு அவர்கள் வைத்த பெயராக இருந்தது. பள்ளிச் சான்றிதழ் வந்தபோது அவளுக்குப் பதினைந்துகூட நிறைந்திருக்கவில்லை. பெயரைக் கேட்டால் வயதைச் சொல்லும்படி ஒரு பிள்ளை பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறாள் என்றால், பழக்கியவருக்குச் சட்டம் தெரியும் என்று பொருள்.

ஆதாரில் உள்ள பிறந்த தேதியை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 94ஆவது பிரிவு, வயதுக்கு முதலில் பார்க்கச் சொல்வது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டுமே மருத்துவச் சோதனை. வயதை நிரூபிக்க ஆதார் போதாது என்று உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபரில் சொல்லியிருக்கிறது.

12 ஜூன், காலை 7.50

"அந்த ஆளின் படத்தை வாட்ஸ்அப்பில் போடுங்கள், ஊரே தேடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

2018 மே மாதத்தில் தமிழ்நாட்டில் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி, அங்கே இருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார். அதே நாள்களில் பழவேற்காட்டில் வீடற்ற ஒருவரும் கொல்லப்பட்டார். அவர்கள் எந்தக் குழந்தைக்கும் எந்தத் தீங்கும் செய்தவர்கள் அல்லர். படத்தைப் பரப்பினால் குற்றவாளி எச்சரிக்கையாகிச் சிறுமியை வேறிடத்துக்கு மாற்றிவிடுவான் என்பது ஒருபுறம். சிறுமியின் முகம் அதில் இருந்தால் பகிர்ந்தவரே குற்றவாளி ஆவார் என்பது மறுபுறம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படியும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படியும் தண்டனைக்குரியது.

14 ஜூன், இரவு 10.15

லாட்ஜ்களுக்கென்றே போக்சோவில் 20ஆவது பிரிவு இருக்கிறது, சொல்லாத முதலாளிக்கு ஓராண்டுச் சிறை என்று இங்கே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் திருத்த வேண்டும். 20ஆவது பிரிவு லாட்ஜ், மருத்துவமனை, கிளப், ஸ்டுடியோ, ஊடகம் முதலியவற்றைக் குறிப்பிடுவது உண்மை. ஆனால் அது, குழந்தையைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தும் படமோ பொருளோ தட்டுப்பட்டால் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஆளைப் பார்த்து வரும் சந்தேகத்துக்கு, எல்லாருக்கும் பொதுவான 19ஆவது பிரிவே போதும். அதை மீறினால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஓராண்டு என்பது, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் வருவது.

முதலாளியிடம் பேசுவதற்கு வேறொரு சட்டம் அதிகம் உதவும். 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தொழில் தடுப்புச் சட்டப்படி, தெரிந்தே இடம் கொடுத்த ஓட்டலின் உரிமத்தை மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை நிறுத்தி வைக்கலாம்; சம்பந்தப்பட்டது குழந்தையாக இருந்தால் உரிமத்தையே ரத்து செய்யலாம். மனசாட்சிக்கு அசையாத சிலர் உரிமத்துக்கு அசைவார்கள். அதைப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

15 ஜூன், மாலை 5.40

வெள்ளை வேன், மயக்க மருந்து, முகம் தெரியாத ஆள் என்று இந்த இழையில் வந்துகொண்டே இருக்கிறது. அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் முன் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை இட்டுச் சென்றவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களே.

2020இல் சென்னை வண்ணாரப்பேட்டையில் வெளிவந்த வழக்கைப் பலர் படித்திருப்பீர்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளைப் பாலியல் தொழிலில் தள்ளியவர்களில் நெருங்கிய உறவினர்கள் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் சென்னை போக்சோ சிறப்பு நீதிமன்றம் 21 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 8 பேருக்கு ஆயுள், 13 பேருக்கு இருபது ஆண்டுச் சிறை. அந்தப் பட்டியலில் ஒரு காவல் ஆய்வாளரும் இருந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை அது. என்றாலும் அந்த வழக்கைப் பதிவு செய்ததும் துப்புத் துலக்கியதும் காவல் துறைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் "போலீசிடம் போய் என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சுக்கே அது உரமாகிவிடும்.

கடலூர் மாவட்டம் திட்டக்குடியில் 2014இல் வெளிவந்த வழக்கில் இரண்டு பள்ளி மாணவிகள். பின்னர் சிபிசிஐடி விசாரித்து, 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேருக்குத் தண்டனை விதித்தது. அவர்களில் ஒருவர் மத போதகர். ஊருக்குள் நடமாடிய, முகம் தெரிந்த ஆட்கள் அவர்கள்.

ஆகவே "சொந்த மாமாதானே" என்பது சந்தேகத்தைத் தீர்க்கும் பதில் ஆகாது.

17 ஜூன், காலை 11.00

11ஆம் தேதி நான் எழுதிய அறிகுறிகளைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றை யாரோ படமாக்கிப் பல குழுக்களில் பகிர்ந்திருக்கிறார்கள். அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்.

அறிகுறிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைகளைத் துருவ ஆரம்பித்துவிடக் கூடாது. அழுக்குச் சட்டை போட்ட பிள்ளை, தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளியின் மகள், வேறு வேறு நிறத்தில் இருக்கும் தந்தையும் மகளும், பேத்தியை அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்து லாட்ஜில் தங்கும் தாத்தா, இவர்கள் யாரும் சந்தேகத்துக்குரியவர்கள் அல்லர். கூச்சத்தால் பதில் சொல்லாத பிள்ளைகளும் உண்டு. வறுமை ஓர் அறிகுறி அல்ல, மொழி ஓர் அறிகுறி அல்ல. பார்க்க வேண்டியது பிள்ளைக்கும் அழைத்து வந்தவருக்கும் இடையில் இருக்கும் கட்டுப்பாட்டை: யார் யாரைப் பேச விடாமல் தடுக்கிறார், யாருடைய அனுமதிக்காக யார் காத்திருக்கிறார், யார் தனியே நகர முடியாமல் இருக்கிறார். குளிர்சாதனக் காரில் வந்து இறங்கி, இங்கிலீஷ் பேசி, பெரிய அறை கேட்பவரிடமும் அதையே பார்க்க வேண்டும். அவரிடம் நம்மவர்கள் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

18 ஜூன், இரவு 8.30

கேள்வி கேட்ட தம்பி தனிச்செய்தி அனுப்பினார், அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். 1098க்கு அழைத்திருக்கிறார். சிறுமியின் தோராய வயது, கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடன் இருந்தவர், வண்டி எண் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்து வாக்குமூலம் எழுதி, கேமரா பதிவின் நகலையும் பதிவேட்டுப் பக்கத்தையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தச் சிறுமி கிடைத்தாளா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, குழந்தை கிடைத்தாளா, எந்த இல்லத்தில் இருக்கிறாள் என்பதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. அந்த இரகசியம் அவளுக்குரிய பாதுகாப்பு. அது உங்களை வாட்டும் என்று எனக்குத் தெரியும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்கள் பலர் இப்படிச் செய்தி தெரியாமலே காலம் தள்ளுகிறார்கள்.

19 ஜூன், காலை 9.20

வழக்கறிஞர் ஒருவர் சுட்டிக்காட்டியதைச் சேர்த்துக்கொள்கிறேன்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல் அதிகாரி தொண்ணூறு நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வழக்கின் நிலையைக் கேட்கலாம். குழந்தையைப் பற்றிய விவரங்களைக் கேட்காதீர்கள்.

21 ஜூன், பிற்பகல் 4.05

ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில மாதங்களாக வாரத்தின் ஒரே நாளில் வருவதில்லை, திடீரென்று விலை உயர்ந்த செல்பேசி, "அத்தை வாங்கிக் கொடுத்தாங்க" என்கிறாள், வகுப்பில் தூங்கி விழுகிறாள், தோழிகளிடமிருந்து ஒதுங்கிவிட்டாள். தனியாக அழைத்து விசாரிக்கலாமா என்கிறார்.

அழைக்கலாம், விசாரிக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. "சாப்பிட்டியா, உடம்பு சரியில்லையா, உனக்கு எப்போ வேணும்னாலும் என்கிட்ட வரலாம்" என்ற அளவோடு நிற்க வேண்டும். அவளாகப் பேசத் தொடங்கினால், குறுக்கே பேசாமல், அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்றச் சட்டமும் விடாது, அவள் நலமும் விடாது. "உன்னைப் பாதுகாக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே அன்றே எழுதி வையுங்கள். எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று நீங்கள் துருவினால், பிறகு ஒவ்வொரு அதிகாரியிடமும் மறுபடி மறுபடி சொல்ல நேரும்போது அவள் வாய் மூடிவிடும். நீங்கள் கேட்ட விதத்தையே காட்டி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவள் பேச்சைச் சொல்லிக்கொடுத்த பேச்சு என்றும் வாதிடலாம்.

தலைமையாசிரியர் "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், பெற்றோரை அழைத்துப் பேசி முடித்துவிடலாம்" என்று சொன்னால் அதற்குக் கட்டுப்பட வேண்டாம். யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாத நிலையில் பெற்றோரிடம் முதலில் சொல்வது ஆபத்தாகவும் முடியலாம். பள்ளிகளில் ஒட்டியிருக்கும் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணும் உண்டு. ஆனாலும் 1098ஐ நேரடியாக அழைப்பதே என் பரிந்துரை. 2021 இறுதியில் அரசு கொண்டுவந்த "மாணவர் மனசு" புகார்ப் பெட்டி உங்கள் பள்ளியில் தூசி படிந்து கிடக்கிறதா, யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

21 ஜூன், இரவு 9.45

இந்த இழை முழுவதும் சிறுமி, சிறுமி என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். சிறுவர்களும் இதில் சிக்குகிறார்கள். போக்சோ சட்டம் ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எவரும் குழந்தைதான். கோவாவில் 1991இல் கைதான ஃபிரெடி பீட்ஸ் அநாதைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்தியவர், ஊரில் கொடையாளி என்று மதிக்கப்பட்டவர். அந்தச் சிறுவர்களை வெளிநாட்டிலிருந்து வந்த ஆண்களுக்குக் கொடுத்துப் பணம் பார்த்தார். 1996இல் ஆயுள் தண்டனை பெற்றார். பையன்தானே, என்ன ஆகிவிடும் என்ற அலட்சியம் பீட்ஸ் போன்றவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. ஓட்டல், ஸ்டூடியோ, கடற்கரை, ரயில் நிலையம் என்று எங்கே சிறுவன் ஒருவனுக்கு முகம் தெரியாத பெரியவர் துணியும் பணமும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாரோ, அங்கேயும் கேள்வி எழ வேண்டும்.

23 ஜூன், காலை 10.30

செல்பேசி வழியாக நடப்பதைப் பற்றிச் சுருக்கமாக. விளையாட்டுச் செயலியிலோ இன்ஸ்டாகிராமிலோ பழகி, ஒரு படத்தை வாங்கி, அதை வைத்து மிரட்டி, அடுத்த படத்தை, பிறகு நேரில் வரச் சொல்வது என்று படிப்படியாக அது போகிறது. பிள்ளை பணம் கேட்கத் தொடங்கினாலோ, செய்தி வந்ததும் முகம் வெளிறினாலோ திட்டாமல் கேளுங்கள். அந்த உரையாடல்களை அழிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், குழந்தைகள் தொடர்பான பாலியல் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம். "பாருங்கள், என்ன அநியாயம்" என்று நல்லெண்ணத்தில் கூட அத்தகைய காணொளியை யாருக்கும் முன்னனுப்பாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை 2024 செப்டம்பரில் மாற்றியமைத்த உச்ச நீதிமன்றம், அத்தகைய படத்தை வைத்திருப்பதும் போக்சோவின் 15ஆவது பிரிவின் கீழ் குற்றமாகக்கூடும் என்று விரிவாக விளக்கியிருக்கிறது.

26 ஜூன், இரவு 11.10

"பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடி வந்து அறை கேட்டால் அதுவும் கடத்தலா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. குழுவில் எங்களை மிகவும் வருத்திய கோப்புகள் அவைதாம். சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை, அவள் சம்மதம் சம்மதமாகாது. பலமுறை அங்கே கடத்தல்காரன் இல்லை. சாதியின் பெயரால் துரத்தப்படும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பினால் அடி விழும் என்று தெரிந்தே அனுப்ப முடியாது, சட்டப்படி அவனோடு அனுப்பவும் முடியாது.

ஆனால் காதல் என்ற பெயரிலேயே பெண்பிள்ளைகளை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்றவர்களும் எங்கள் முன் வந்திருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லி ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு "கடன் இருக்கிறது, கொஞ்ச நாள் மட்டும்" என்று தொடங்குவார்கள். அந்த ஒரு மாதத்தில் அவனுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று அந்தப் பிள்ளை சொல்வாள். மீட்ட பிறகும் சொல்வாள், மீட்டவர்களைத் திட்டுவாள். "அவளே விரும்பித்தானே இருந்தாள்" என்று ஊர் பேசும். ஆள் கடத்தலுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு குழந்தை விஷயத்தில் குறைந்தது பத்தாண்டுச் சிறை விதிக்கிறது, கடத்தப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்றும் சொல்கிறது. அந்தச் சம்மதம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டியதில்லை. இரண்டிலும் 1098தான். பிரித்தறிவதும், அந்த இருவரைச் சாதிவெறியிடம் ஒப்படைக்காமல் பார்த்துக்கொள்வதும் குழுவின் கடமை. எல்லாக் குழுக்களும் அதைச் சரியாகச் செய்கின்றன என்று சொல்ல என்னால் முடியவில்லை.

30 ஜூன், மாலை 6.15

தகவல் சொன்ன பிறகு குழந்தைக்கு என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் சொல்லும் தயக்கம் குறையும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை.

மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. வாக்குமூலம் வாங்குபவர் முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், சீருடையில் இருக்கக் கூடாது, குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். சிறுமி என்றால் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். வீட்டாரே சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று தோன்றினால் சமூகப் புலனாய்வு அறிக்கை (குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் அறிக்கை) வரும்வரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது குற்றவாளியை அவள் நேருக்கு நேர் பார்க்கும்படி வைக்கக் கூடாது. இவை எழுத்தில் இருப்பவை. நடைமுறையில் சீருடையோடு வந்து நின்றவர்களையும், பிள்ளையை வாசலில் மணிக்கணக்கில் உட்கார வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குழு கேட்டால் மாறியது, கேட்காவிட்டால் மாறவில்லை.

3 ஜூலை, காலை 8.40

ரயிலில் போகும்போது சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ரயில்வே உதவி எண்ணான 139ஐ அழையுங்கள், பெட்டி எண், இருக்கை எண், அடுத்து வரும் நிலையம் மூன்றையும் சொல்லுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினர் அடுத்த நிலையத்தில் ஏறுவார்கள். சென்னை சென்ட்ரல், எழும்பூர் போன்ற பெரிய நிலையங்களில் குழந்தைகள் உதவி மையமும் உண்டு. நீங்களாக அந்த ஆளிடம் போய் மோதாதீர்கள். அடுத்த நிறுத்தத்திலேயே பிள்ளையோடு இறங்கிவிடுவான்.

5 ஜூலை, இரவு 9.30

கடைசியாக வந்திருக்கும் இரண்டு கேள்விகள். 1098க்கு அழைத்தபோது வேறு குரல், வேறு நடைமுறை என்று ஒருவர் குழம்பியிருக்கிறார். 1996இல் மும்பையில் தொடங்கிய அந்தச் சேவையைப் பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்தினார்கள். 2023இல் அது அரசின் கைக்கு மாறி, 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டது. ஆகவே நேரடி ஆபத்து என்றால் அழைப்பு காவல் துறைக்குப் போகும். அழைப்பு துண்டிக்கப்பட்டால் மறுபடி அழையுங்கள், அதோடு உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் எண்ணை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, வேலை செய்யும் இடத்தில் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள்.

மற்றவர், எங்கள் எல்லை இல்லை என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறார். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். போக்சோ புகாரைப் பதியாத அதிகாரிக்கும் அதே 21ஆவது பிரிவு தண்டனை விதிக்கிறது. மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒரு நகலைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அனுப்புங்கள். அறிக்கை பதிவானதும் அதன் நகலைத் தகவல் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.